கை நனைக்காமல் வந்த இடம்

ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயிலை விட்டு இறங்கினால் இன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் கொரியச் சாப்பாட்டுக் கடைதான். மேசைக்கு நடுவில் நெருப்பு, அதற்கு மேலே இறைச்சி, சுற்றிவர எங்கள் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும். என் மகள் ஒவ்வொரு வருடமும் தன் பிறந்தநாளுக்கு அங்கே என்னைக் கூப்பிடுவாள். நானும் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லிவிடுவேன். மாட்டிறைச்சிக்குப் பயந்துதான் அப்பா வருவதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாட்டிறைச்சி நான் தொடுவதில்லை, அது உண்மை. ஆனால் காரணம் அது இல்லை. அவள் பிறப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன் அப்படியொரு மேசையில் நான் நடந்துகொண்ட விதமும், அதற்குப் பிறகு நான் சொன்ன ஒரு சொல்லும்தான் காரணம். சம்பந்தப்பட்ட மனிதர் போன வருடம் காலமாகிவிட்டார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை இனிக் கடதாசியிடம்தான் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து நானும் மனைவியும் சிட்னிக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. லிட்கமில், தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஊரில் எஞ்சினியர். இங்கே, மற்றவர்கள் செய்த வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற ஆள். குறை பிடிக்கிற வேலை உங்களுக்குப் படிக்காமலே வரும் என்று மனைவி சொல்வாள்.

நான் சொல்ல வந்த மனிதர் அதே தொழிற்சாலையில் வெல்டர். கொரியாக்காரர். என்னைவிட எட்டு ஒன்பது வயது மூத்தவர். வியட்நாமில் போர் நடந்த காலத்தில் கட்டட வேலைக்கென்று அங்கே போனவர், போர் முடிகிற நேரத்தில் ஊருக்குத் திரும்பாமல் இங்கே வந்து இறங்கி, விசா முடிந்த பிறகும் தங்கிவிட்டார். நிரந்தரமாக இருக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். பதில் வரவில்லை. பதில் வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. ஊரில் மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். எட்டு வருடமாக நால்வரையும் அவர் கண்ணால் காணவில்லை.

எங்கள் இருவரையும் ஒன்றுசேர்த்தது மணம்தான். அவருடைய கிம்ச்சி என்கிற கோவா ஊறுகாயும் என்னுடைய மீன்குழம்பும் ஒரே நேரத்தில் சாப்பாட்டு அறையில் திறபட்டால் மற்றவர்கள் சாண்ட்விச்சைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஒருநாள் போர்மன் வந்து, வெளியே நல்ல வெயில் அடிக்கிறதே, நீங்கள் இருவரும் அங்கே இருந்து சாப்பிடலாமே என்று தேன் ஒழுகச் சொன்னான். அன்றிலிருந்து பின்வளவில், பழைய மரப்பெட்டிகளின் மேல் எங்கள் மத்தியானச் சாப்பாடு. மழைக்கும் குளிருக்கும் கூட நாங்கள் உள்ளே போகவில்லை. எனக்கு ரோசம். அவருக்கு என்னவோ தெரியாது.

இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. என்னுடையது புத்தகத்தில் வந்தது, அவருடையது வேலைத்தலத்தில் வந்தது. ஆனாலும் பேசினோம். அவருடைய தாய் எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரனுக்குச் சொல்லி எழுதுவிப்பார். கடிதம் வந்தால் அவர் அதைப் பெட்டியின் மேல் விரித்து வைத்து எனக்கு மொழிபெயர்ப்பார். ஒவ்வொரு கடிதமும் சாப்பிட்டாயா என்றுதான் தொடங்கும். கடிதம் எழுதி மூன்று கிழமைக்குப் பிறகு கிடைக்கிறது, எந்தச் சாப்பாட்டைக் கேட்கிறார் என்று தெரியவில்லை என்று சிரிப்பார்.

அந்த வருடத்தின் தொடக்கத்தில் ஒருநாள் என்னை ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரெட்ஃபேர்ன் பக்கம், முன்பு மீனும் சிப்ஸும் விற்ற கடை. அதை ஒரு கொரியப் பெண்மணி எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். சைகோனில் கொரியத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டவராம். வாசலில் பலகை கொரிய எழுத்தில் மட்டும். வேற்று ஆட்கள் வருவார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. நான் உள்ளே போனதும் பத்துப் பதினைந்து தலைகள் ஒரேயடியாகத் திரும்பின. எனக்கு அது புதிதில்லை. ஆனால் சிட்னியில் என்னைத் திரும்பிப் பார்த்தவர்கள் வெள்ளையர்களாக இல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மேசையின் நடுவில் ஓட்டை. அந்தப் பெண்மணி இரும்புச் சட்டியில் தணல் கொண்டுவந்து அதற்குள் இறக்கி, மேலே கம்பிவலை போட்டார். பிறகு சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்தன. முளைவிட்ட பயறு, முள்ளங்கி, கோவா ஊறுகாய், நல்லெண்ணெயில் பிரட்டிய கீரை. எள்ளின் மணம் வந்ததும் நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நாட்களில் சிட்னியில் நல்லெண்ணெய்க்கு நாங்கள் நாய்படாப் பாடு பட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் ஒருவர் இறைச்சியைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் துணிக்கு மட்டும்தான்.

மாடு சாப்பிட மாட்டேன் என்றேன். சாப்பிட்டால் நோய், வருத்தம் ஏதும் வருமா என்று கேட்டார். வராது என்றேன். பிறகு ஏன் என்றார். கோயில், குளம், சைவம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? “அம்மா ஏசுவா” என்றேன். அவர் உடனே தலையை ஆட்டினார். கடைக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் எனக்கென்று கும்பளா மாதிரி ஒரு மீன் உப்புத் தடவி வந்தது. அவரே அதைத் தணலில் புரட்டிப் புரட்டிச் சுட்டு, முள் எடுத்து, ஒரு சலாது இலைக்குள் சோற்றோடு பொட்டலமாகச் சுருட்டி, கையால் என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

நான் எச்சில் பார்க்கிறவன். சொந்தத் தம்பி குடித்த தம்ளரையும் கழுவித்தான் தொடுவேன். அடுத்த ஆணின் கையிலிருந்து வாயில் வாங்குவதை நினைத்தும் பார்த்ததில்லை. சுற்றிலும் பார்த்தேன். எல்லா மேசையிலும் இப்படித்தான் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஜூன் மாதத்தில் என் மனைவி முழுகாமல் இருந்து ஐந்து மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. நான்காம் மாதத்தில் கலைந்துவிட்டது. அப்போது ஊர் முழுக்கச் சொல்லி இனிப்பும் கொடுத்திருந்தோம். ஆகவே இந்த முறை யாருக்கும் மூச்சு விடுவதில்லை என்று தீர்மானித்திருந்தோம். நாவூறு பொல்லாதது. ஊரில் என் தாய்க்குக்கூட எழுதவில்லை. தினமும் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிற அந்த மனிதருக்கும் நான் சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. பின்னேரம் நான் வெளியே வரும்போது தொழிற்சாலைப் படலையில் நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். தந்தி வந்ததாம். தாய் இறந்துவிட்டார்.

“நான் மூத்த மகன்” என்றார். “அங்கே நான் நிற்க வேண்டும். நிற்க முடியாது. போனால் திரும்ப விடமாட்டார்கள், மனைவி பிள்ளைகளையும் கூப்பிட முடியாது. அதனால் இங்கேயே அம்மாவை அனுப்பப் போகிறேன். நாளைக்குக் கடை பூட்டு. எங்களுக்கு மட்டும். நீங்கள் வாருங்கள். வந்து சாப்பிடுங்கள்.”

வந்து சாப்பிடுங்கள் என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருக்கிற மனிதர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். நீர் இப்படி இருக்கிற நேரத்தில் நான் செத்தவீட்டுக்குப் போகலாமா என்றும் கேட்டேன். அவள் காய் வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“அங்க சவம் இருக்கே? படம்தானே வைச்சிருப்பினம். போங்கோ. அந்த மனிசனுக்கு இஞ்ச ஆர் இருக்கினம்? என்ன தந்தாலும் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்கோ, பாவம்.”

“செத்தவீட்டில கை நனைக்கிறதே? நீர் என்ன கதைக்கிறீர்?”

“அது எங்கட செத்தவீடு இல்லையே” என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஏனென்றால் பிறகு நான் வேறு மாதிரிச் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் போனேன். கடைக்குள் மேசைகளை ஒரு பக்கமாகச் சேர்த்திருந்தார்கள். தணல் ஓட்டைகள் எல்லாம் பலகையால் மூடியிருந்தன, ஒன்றைத் தவிர. சுவரோரம் சின்ன மேசையில் தாயின் படம். ஏதோ கூட்டத்தோடு எடுத்த படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது போலும். தோளில் வேறு யாருடையதோ கை தெரிந்தது. சாம்பிராணி, பழம், ஒரு கிண்ணம் சோறு. அவர் கறுப்புக் கோட்டில் ஒரு சணல் துணித் துண்டைக் குத்திக்கொண்டு படத்தின் பக்கத்தில் நின்றார். வந்தவர்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தரையில் நெற்றி முட்ட விழுந்து கும்பிட்டார்கள். நான் நின்றபடி கைகூப்பினேன். அவர் எனக்குக் குனிந்து வணங்கி, என் முழங்கையைப் பிடித்து, அந்தத் திறந்த தணல் இருந்த மேசைக்குக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார்.

மற்ற எல்லோருக்கும் சிவப்பாகக் கொதிக்கிற மாட்டிறைச்சி சூப். சத்தம்போட்டு உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் சாராயம் ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு பேர் சிரித்துப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு தாய் செத்திருக்கிறாள், இவர்கள் கல்யாணவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிச் சாப்பிடுகிறார்களே என்று நினைத்தேன். எங்கள் ஊரில் செத்தவீட்டு அடுப்பில் நெருப்பே மூட்ட மாட்டார்கள். வருகிறவர்கள் பச்சைத் தண்ணீரும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இருந்து, துக்கம் காத்து, எழும்பி, வீட்டுக்குப் போய் வாசலிலேயே உடுப்பைக் கழற்றி முழுகிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாவு துடக்கு, தீட்டு. அந்த வீட்டுச் சோற்றிலும் அது ஒட்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. தோலோடு வந்தது.

அந்தப் பெண்மணி ஒரு மீனைக் கொண்டுவந்தார். முந்திய முறை சாப்பிட்ட அதே மீன். நண்பர் அதைக் கம்பிவலையில் வைத்துத் தன் கையாலேயே சுட்டார். துக்கக்காரர் அடுப்படியில் நிற்கிறாரே என்று எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. முள் எடுத்து, சோற்றின் மேல் வைத்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் என் முன்னால் வைத்தார்.

“சாப்பிடுங்கள்” என்றார். “அம்மாவின் சோறு.”

“வேண்டாம். எனக்கு முடியாது.”

“கொஞ்சம்.”

நான் கிண்ணத்துக்குக் குறுக்கே கையை விரித்தேன். பந்தியில் போதும் என்பதற்கு நாங்கள் காட்டுகிற சைகை. அவர் விளங்காமல் இன்னொரு துண்டு மீனை என் விரல்களுக்கு மேலாகக் கொண்டுவந்தார். நான் கிண்ணத்தை அவர் பக்கமாகத் தள்ளிவிட்டேன். பலமாகத் தள்ளவில்லை. ஆனால் தள்ளினேன். அவர் கொஞ்ச நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் வாசலில் புதிதாக யாரோ வர, எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அந்த நேரம் பார்த்து நான் எழும்பினேன். செத்தவீட்டில் ‘போட்டு வாறன்’ என்று சொல்லக் கூடாது. திரும்ப வருகிறேன் என்று சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவைக் கூப்பிட்டதாகிவிடும். ஆகவே ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன். ரயிலில் இருந்தபோது மனம் நிறைவாக இருந்தது. செய்யவேண்டியதை முறைப்படி செய்துவிட்டேன் என்று நினைத்தேன். லிட்கம் வீட்டின் பின்பக்கத்தில், துணி தோய்க்கிற கொட்டிலில், ஜூலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் முழுகினேன். சாப்பிட்டீங்களோ என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். பல்லுக் கிட்டியதில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை அவர் பின்வளவுக்கு வரவில்லை. உள்ளே, போர்மன் எங்களை எழுப்பி அனுப்பிய அதே அறையில், ஒரு மூலையில் பாண் துண்டொன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். சோறு கொண்டுவருவதையே விட்டுவிட்டார். துக்கம் காக்கிறார் என்று நினைத்தேன். எங்களுக்கு முப்பத்தொன்று வரை கணக்கு. அதுவரை அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நானும் முப்பத்தொரு நாள் அவர் முகத்துக்கு நேரே பேசவில்லை. மரியாதை கொடுக்கிறேன் என்று எனக்கு எண்ணம். அவர் வெல்ட் செய்த வால்வுகள் வரும், நான் பார்த்து முத்திரை குத்துவேன். மரப்பெட்டியில் தனியாக இருந்து சாப்பிடுவேன். குளிர் அப்போதுதான் தெரிந்தது.

முப்பத்தொன்று கழிந்த மறுநாள் அவரிடம் போய், சுகமா என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டார். அன்றுதான் எனக்கு உறைத்தது, இது துக்கமில்லை, நான்தான் காரணம் என்று. ஆனால் என்ன செய்தேன் என்று விளங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தனியாக அந்தக் கடைக்குப் போனேன்.

மத்தியானக் கூட்டம் முடிந்துவிட்டிருந்தது. பெண்மணி என்னைக் கண்டதும் தண்ணீர்க் கிளாசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நங்கென்று சத்தம் கேட்டது.

“நீங்கள் சாப்பிடாத ஆள்” என்றார்.

என்ன நடந்தது என்று கேட்டேன். அவருக்கும் ஆங்கிலம் குறைவு. கையாலும் சேர்த்துச் சொன்னார். தங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு வருகிறவன் சாப்பிட வேண்டும், அந்தச் சோற்றைச் செத்தவரே கடைசியாகக் கொடுப்பதாக நினைப்பார்கள், சாப்பிட வருகிறவர்கள் குறைந்தால் மகனுக்கு அவமானம் என்றார். அந்த மீனை மகன் அன்று விடிய மீன்சந்தைக்குப் போய்த் தானே பார்த்து வாங்கிவந்தாராம். எல்லோருக்கும் சூப், என் நண்பர் மாடு சாப்பிட மாட்டார், அவருடைய அம்மா ஏசுவார் என்று சொன்னாராம். நான் சொல்லாமல் வெளியே போனதும், சிகரெட் பிடிக்கப் போயிருப்பேன், திரும்ப வருவேன் என்று கிண்ணத்தை எடுக்க விடவில்லையாம். இரண்டு முறை தணல் மாற்றினார்கள். பின்னேரம் கடை கழுவுகிற நேரம்வரை பார்த்துவிட்டு, அவரே அந்தக் கிண்ணத்தைத் தூக்கிப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாராம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அழவும் வந்தது.

பெண்மணி எதிரே உட்கார்ந்தார். “அவர் சொல்கிறார், நீங்கள் அவருடைய அம்மாவின் சாவை அழுக்கு என்று நினைத்தீர்களாம். அப்படியா?”

அவர் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருந்தார். துடக்கு என்ற சொல்லைக் கொரிய மொழியிலோ ஆங்கிலத்திலோ மாற்றினால் அழுக்கு என்றுதான் வரும். வீட்டுக்கு வந்து கழுவினேனே, எதைக் கழுவினேன்? ஆமாம், அப்படித்தான் நினைத்தேன், எங்களை அப்படி வளர்த்துவிட்டார்கள், மன்னியுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் அதற்குத்தான் திறந்தது. வந்தது வேறு.

“என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள்” என்றேன். “முதல் பிள்ளை தங்கவில்லை. அதனால்தான்.”

பெண்மணி வாயில் கையை வைத்துக்கொண்டார். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து, என்னிடமிருந்து இரண்டடி பின்னால் போனார். “ஏன் சொல்லவில்லை? எங்களிலும் அப்படித்தான். பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்காரன் செத்தவீட்டுக்கு வரவே கூடாது. தெரிந்திருந்தால் அவர் உங்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாரே!” என்றார். அவருடைய முகத்தில் கோபம் போய், பயமும் இரக்கமும் வந்துவிட்டிருந்தன. நான் உண்ட பிறகு எழும்புகிறவன் மாதிரி ஒரு நிம்மதியோடு அந்த மேசையை விட்டு எழுந்தேன். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்றிருந்தது.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மனைவி கர்ப்பம், உண்மை. முதல் பிள்ளை தங்கவில்லை, உண்மை. அதனால்தான் என்ற ஒன்றுதான் பொய். அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இல்லாவிட்டாலும் நான் அந்தக் கிண்ணத்தைத் தள்ளித்தான் விட்டிருப்பேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னவளே அவள்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் பின்வளவுக்கு வந்தார். கையில் பழைய சாப்பாட்டுப் பெட்டி. ஆனால் பக்கத்தில் வரவில்லை. பத்தடி தள்ளி, சுவரோரம் கிடந்த ஒரு பெட்டியில் உட்கார்ந்தார்.

“மனைவி சுகமா?” என்று அங்கேயிருந்து சத்தமாகக் கேட்டார்.

சுகம் என்றேன்.

“நான் கிட்ட வரமாட்டேன். என் அம்மா போய் இன்னும் நாள் ஆகவில்லை. பிள்ளை வரட்டும்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். மழை பெய்தாலும் அந்தப் பத்தடி குறையவில்லை. எனக்கு ஏதாவது தர விரும்பினால் நடுவில் ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போய் உட்காருவார். அதற்குப் பிறகுதான் நான் போய் எடுக்க வேண்டும். வெல்ட் செய்த வால்வைக்கூட என் கையில் தரமாட்டார். மேசையில் வைத்துவிட்டு விலகுவார். மற்ற வேலையாட்கள் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துச் சமாதானம் பேச வந்தார்கள். அவர் சிரிப்பார். என்னால் சிரிக்க முடியவில்லை. துடக்குப் பார்த்து நான் அவரைத் தள்ளினேன். இப்போது அவர் தன்னையே துடக்கு என்று சொல்லி, என் பிள்ளைக்காகத் தள்ளி இருந்தார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கேட்டாள்:

“என்னையும் பிள்ளையையும் ஏன் இதுக்குள்ள இழுத்தனீங்கள்?”

“வாயில வந்திட்டுது.”

“நான் சாப்பிடச் சொன்னனான் எல்லோ. நாளைக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ.”

“ஓம், சொல்லுறன்.”

சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மரப்பெட்டியில் உட்கார்ந்ததும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பத்தடி தூரத்துக்குக் கத்திச் சொல்லக்கூடிய விஷயமா இது என்று எனக்கு நானே ஒரு சாட்டுக் கண்டுபிடிப்பேன். வால்வில் மயிரிழைக் கசிவையும் பிடிக்கிறவன் நான். மனைவி பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது கேட்பதைவிட மோசம்.

அக்டோபரில் மகள் பிறந்தாள். நான் பின்வளவில் நின்று, பெண்பிள்ளை, இருவரும் சுகம் என்று சொன்னபோது அவர் பெட்டியிலிருந்து எழுந்து இரண்டு கையையும் மேலே தூக்கினார். அப்போதும் கிட்ட வரவில்லை. தங்கள் கணக்கில் மூவேழு இருபத்தொரு நாள் வெளியாள் பிள்ளைவீட்டுக்குப் போகக் கூடாது என்றார். சரியாக இருபத்திரண்டாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே கறுப்புக் கோட்டோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் காய்ந்த கடற்பாசிக் கட்டு. பிள்ளை பெற்றவளுக்குச் சூப் வைத்துக் கொடுக்க வேண்டுமாம்.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. பிள்ளையையும் பார்க்கவில்லை. என் முன்னால் வந்து நின்று, இடுப்புவரை குனிந்து வணங்கினார். என்னைவிட மூத்தவர்.

“நான் உங்களைப் பிழையாக நினைத்தேன்” என்றார். “அம்மாவின் சாவை அழுக்கு என்று நினைக்கிறீர்கள் என்று கோபப்பட்டேன். நீங்கள் பிள்ளையைக் காப்பாற்றினீர்கள். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சோற்றைத் திணித்தேன். என்னை மன்னியுங்கள்.”

குசினி வாசலில் பிள்ளையோடு மனைவி நின்றாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிட நல்ல நேரம் இனி வராது என்று எனக்குத் தெரியும்.

“பரவாயில்லை” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். முகம் தெளிந்துவிட்டிருந்தது. மனைவி பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் கணக்கில் பிள்ளைபெற்ற வீடும் முப்பத்தொரு நாள் துடக்குத்தான். எங்கள் ஆட்கள் ஒருவரும் அன்று அங்கே கை நனைத்திருக்க மாட்டார்கள். அவர் என்னைப் பார்த்து, வலது கையால் பிசைந்து, இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.